நான் சாப்பிட்டுவிட்டு வந்த கலியாணம்

போன சனிக்கிழமை காலை, களுவாஞ்சிக்குடியில் என் வீட்டு கேற்றைத் திறந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். தோளில் கெம்பஸ் பை. காலில் ஓடுவதற்குப் போடுகிற சப்பாத்து. கையில் ஒரு ஃபைல்.

“டீச்சர், எனக்குக் கலியாணம் முடிஞ்சிட்டெண்டு நீங்க பேப்பரில எழுதியிருக்கீங்க. இல்லையெண்டு இன்னொருக்கா எழுதணும்.”

காலையிலேயே இப்படி ஒரு வாசகி வந்து நின்றால் என்ன செய்வது? முதலில் உட்காரச் சொன்னேன். பிறகுதான் யாரென்று கேட்டேன்.

“தேத்தாத்தீவு தையல் மகேஸ்ட மகள், டீச்சர். தர்சினி.”

அந்தப் பெயரோடு ஒரு பந்தலும் நான் பேப்பரில் எழுதிய ஒரு பத்தியும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்தன. இந்தப் பக்கத்தை நெடுநாளாக வாசித்து வருகிறவர்களுக்கும் நினைவிருக்கலாம். ‘கணக்குக் கொப்பியும் கழுத்துத் தாலியும்’ — மோனையெல்லாம் பார்த்து வைத்த தலைப்பு.

ஆறு வருடத்துக்கு முந்திய கதை. சுனாமி வந்துபோய், கூடாரங்களில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தபோது மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். மகேஸ் அப்போது எனக்குச் சாறிச் சட்டை தைத்துத் தருகிறவர். கடல் அவருடைய புருசனையும் வீட்டையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது மகளும் தையல் மிசினும். மிசின் தப்பியதற்குக் காரணம், அது அந்த வாரம் திருத்தக் கொடுத்திருந்த கடையில் இருந்ததுதான்.

ஒருநாள் சட்டை எடுக்கப் போன இடத்தில், “நாளைக்கு மகளுக்குக் கலியாணம். சாப்பிட வந்திடுங்க டீச்சர்,” என்றார் மகேஸ். சந்தைக்குப் போகிற விசயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

மகளுக்குப் பதினைந்து வயது. மாப்பிள்ளை மகேஸின் அண்ணன் மகன் சுதன், வயது பத்தொன்பது. நான் போனேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வடை, பாயசம். பாயசம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து கை காயவில்லை, பேனையை எடுத்துவிட்டேன்.

“அடுத்த அறையில் பத்தாம் ஆண்டுக் கணக்குக் கொப்பி விரித்தபடி கிடக்க, மணவறையில் ஒரு குழந்தை தலை குனிந்து விம்மிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் தோள்கள் குலுங்கின. சுற்றி நின்ற பெரியவர்கள் அரிசி தூவினார்கள்...”

இப்படிப் போகும் அந்தப் பத்தி. பெயர் எழுதவில்லை. நான் நாகரிகமானவள் அல்லவா? ஆனால் தேற்றாத்தீவு என்று எழுதினேன். தையல்காரத் தாய் என்று எழுதினேன். கடலில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்று எழுதினேன். பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று எங்களைப் போல எழுதுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தப் பத்திக்குக் கிடைத்த பாராட்டு வேறு எதற்கும் கிடைத்ததில்லை. கடிதங்கள் வந்தன. ஒரு மாதர் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மகேஸிடமிருந்தும் ஒரு பதில் வந்தது — தைக்கக் கொடுத்திருந்த துணியும் அளவுச் சட்டையும், வெட்டாமல் தைக்காமல், மடித்தபடி திரும்பி வந்தன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து வேறு இடத்தில்தான் தைக்கிறேன். எதுவும் தோளில் சரியாக நிற்பதில்லை.

இப்போது அந்தக் “குழந்தை” என் முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்று. என்னைவிட அரை அடி உயரம்.

“அது கலியாணமே இல்ல டீச்சர்,” என்றாள்.

பிறகு சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தேத்தண்ணி கசந்தது.

அந்த வருடங்களை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வருவார்கள். கேட்காமலும் கொண்டுபோவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அப்போது அவர்களே இரண்டு பட்டு நின்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆனால் கலியாணம் முடித்த பிள்ளைகளை அநேகமாக விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பந்தல் போட்டார்கள். மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டி, சொந்தத்துக்குள்ளேயே ஒரு பையனைப் பிடித்து உட்காரவைத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள். பதிவு கிடையாது. குடித்தனமும் கிடையாது. தாலி கட்டின மறுநாள் சுதன் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். தர்சினி ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள் இருந்தாள். பொட்டு வைத்து, தாலியை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு.

நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தவள். என் வகுப்பிலேயே பிள்ளைகள் இருந்த வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஆனாலும் எனக்குப் புரியவில்லை. ஏன்? பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பயம் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவ்வளவுதான் காரணம்.

“சரி, அது போகட்டும். இப்ப ஏன் இல்லையெண்டு எழுதணும்? ஆரும் மாப்பிள்ளை வந்திருக்கா?”

தர்சினி ஃபைலைத் திறந்து ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள்.

இராணுவத்தில் பயிலிளவல் (கடெற்) அதிகாரியாகச் சேர்வதற்கான விண்ணப்பம். பெண்கள் பிரிவு.

என் முகம் கேட்டிருக்க வேண்டும். “எல்லாரும் இப்பிடித்தான் பாக்காங்க, டீச்சர்,” என்றாள்.

வந்தாறுமூலை கெம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விடிய எழும்பி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். ஒன்பது மணிக்கு லெக்சர். பின்னேரம் செங்கலடிக்குப் போய்ச் சிங்கள வகுப்பு. பையின் ஒரு பக்கத்தில் பொருளாதாரக் குறிப்புகள், மறுபக்கத்தில் பொது அறிவுப் புத்தகம். அறிவித்தலில் போட்டிருக்கிற நேர்முகப் பரீட்சைத் திகதி செமஸ்டர் பரீட்சைக்கு முதல் நாள் வருகிறது. தெரிவானால் படிப்பைப் பாதியில் விடவேண்டுமா, லீவு எழுதிக் கொடுத்துப் பிறகு தொடரலாமா என்று விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

விடுதி அறையில் கூட இருக்கிற பிள்ளைகளில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். “ஆமி கொண்டுபோன அவட அண்ணன் இன்னும் வீட்ட வரல்ல, டீச்சர். அவ பேசாம இரிக்கிறதில ஒரு பிழையும் இல்ல,” என்றாள் தர்சினி. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் பகுதியில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும், அந்தப் பச்சைச் சீருடையைத் தெருவில் கண்டால் என் கை தானாகவே பைக்குள் அடையாள அட்டையைத் தேடுகிறது. எனக்கே இப்படியென்றால்?

“ஏன் புள்ள இது?” என்று கேட்டேன்.

“அம்மாட்டச் சொல்லக்குள்ள நீங்களும் கேளுங்க. ரெண்டு தரம் சொல்ல ஏலா.”

விண்ணப்பகாரர் விவாகமாகாதவராக இருக்கவேண்டும். அதுதான் சிக்கல். சட்டப்படி அவள் விவாகமாகாதவள்தான். ஆனால் கிராம சேவகர் நற்சான்றிதழில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் ஒரு லெக்சரைத் தவறவிட்டு வந்தாள். இரண்டு பேருமாகக் கிராம சேவகரிடம் போனோம். நல்ல மனிதர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். அந்தக் கலியாணத்தில் எனக்கு எதிர் இலையில் இருந்து சாப்பிட்டவர்.

“டீச்சர், இந்தப் புள்ள விவாகமானவ எண்டு ஆறு வருசத்துக்கு முன்ன நானே கடிதம் குடுத்தன். சீல் குத்தி. இப்ப விவாகமாகாதவ எண்டு குத்தச் சொல்லுறீங்க. அதே சீல்தான் என்னட்டக் கிடக்கு.”

“அண்டைக்கு உங்களுக்கு உண்மை தெரியாதா?”

“தெரியும்.” மேசையில் கிடந்த சீலை எடுத்து மறுபடி வைத்தார். “தெரிஞ்சுதான் குத்தினன். அந்த வருசம் என்ர பிரிவில பத்தாம் ஆண்டுப் புள்ளைகள் பாதிப்பேர் குடும்பகாரர். நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கல்ல.”

“பிறகு இப்ப மட்டும் ஏன் கேக்கிறீங்க?”

“இப்ப விசாரிப்பாங்க டீச்சர். ஊருக்குள்ள வந்து நாலு வீட்டில கேப்பாங்க. நாலு வீட்டிலயும் அந்தக் கலியாணத்தில சாப்பிட்டவங்கதான் இரிக்காங்க. எல்லாத்துக்கும் மேல உங்கட பேப்பர் இரிக்கு. நான் பொய்ச் சான்றிதழ் குடுத்தனெண்டு வரும். புள்ளைக்கும் கூடாது.”

அவர் சொன்னதில் பிழையில்லை. பொய்யை ஊரே சேர்ந்து சொல்லிவிட்டது. இப்போது உண்மையையும் ஊரே சேர்ந்துதான் சொல்லவேண்டும். ஒருத்தி மட்டும் சொன்னால் அது பொய்யாகத் தெரிகிறது.

கடைசியில் ஒரு வழி சொன்னார். சுதனிடமிருந்து ஒரு கடிதம். கலியாணத்தைச் செய்துவைத்த தாயிடமிருந்து, அது உண்மைக் கலியாணம் இல்லையென்று ஒரு சத்தியக் கடதாசி. இரண்டும் கையில் இருந்தால் துணிந்து சீல் குத்துவார்.

சுதன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். போன வருடம் உண்மையாகவே கலியாணம் முடித்துவிட்டான். தர்சினி கேட்ட உடனே கடிதம் எழுதி, கலியாணப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பிரச்சினை இல்லை.

“அம்மாதான் வைக்கமாட்டா,” என்றாள் தர்சினி. “அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான்.”

கிராம சேவகரிடமிருந்து நேரே தேற்றாத்தீவுக்குப் போனோம். ஆறு வருடத்துக்குப் பிறகு மகேஸின் வாசல். என் கால் கொஞ்சம் தயங்கியது என்பதை மறைக்கவில்லை.

மகேஸ் மிசினில் இருந்தார். என்னைக் கண்டார். மிதியை நிறுத்தவில்லை.

“இரிங்க,” என்றார்.

இருந்தேன். ஒரு பாவாடைக் கரை முழுதும் தைத்து முடித்தார். மகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். எழும்பி உள்ளே போய் ஏதோ எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

என் பத்தி. லமினேட் பண்ணியிருந்தது.

ஓரங்களெல்லாம் தேய்ந்து, நடுவில் மடிப்பு விழுந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. வாசகர்கள் என் எழுத்தை வெட்டி வைத்திருப்பதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கவனமாக யாரும் வைத்திருந்ததை முதல்தடவையாகப் பார்த்தேன்.

“மகேஸ், நான் தெரியாம எழுதிட்டன்...” என்று தொடங்கினேன்.

“புள்ளையக் கேட்டு மூண்டு தரம் வந்தாங்க டீச்சர்,” என்றார் அவர். “முதல் தரம் வரக்குள்ள கிராம சேவகர் தந்த கடிதத்தைக் காட்டினன். இந்தக் காகிதம் எல்லா வீட்டிலயும் வச்சிருக்காங்க, நாளைக்கு வாறம், புள்ளைய வெளிக்கிடுத்தி வைங்க எண்டு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அண்டைக்குப் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி உங்கட பேப்பரைக் கொண்டுவந்து தந்தா. வாசிச்சன். வாசிச்சுப்போட்டு உங்கட துணியத் திருப்பி அனுப்பினன்.”

“கோபம் வராதா பின்ன...” என்றேன்.

“கோபம் வந்திச்சுதான். அது வேற.” மகேஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அடுத்த நாள் வந்தாங்க. இதைக் குடுத்தன். வந்ததில ஒருத்தன் முற்றத்தில நிண்டே முழுக்க வாசிச்சான். வாசிச்சுப்போட்டு, இந்தப் புள்ளதானா இது எண்டு கேட்டான். ஓம் எண்டன். இவளப் பாத்தான். தாலியப் பாத்தான். மறுகா, இதை எழுதின மனிசிக்கு உங்களில நல்ல கோபம் போல எண்டான். போயிட்டாங்க.”

மடியில் கிடந்த பத்தியைத் திருப்பிப் பார்த்தேன்.

“மூண்டாம் தரம் வேற ஆக்கள். அவங்களுக்கும் இதையே காட்டினன். நீங்க திட்டி எழுதினதாலதான் நம்பினாங்க டீச்சர். வாழ்த்தி எழுதியிருந்தா நம்பியிருக்கமாட்டாங்க.”

முப்பது வருடம் படிப்பித்து, பதினைந்து வருடம் எழுதி, நான் செய்த உருப்படியான ஒரு காரியம், விசயம் தெரியாமல் செய்தது. இதை வைத்துக்கொண்டு பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? இரண்டும் சேர்ந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

சத்தியக் கடதாசிப் பேச்சை நான் எடுக்குமுன்பே மகேஸ் எடுத்தார்.

“எதுக்கு வந்தீங்க எண்டும் தெரியும். என்னால ஏலா டீச்சர். பதினஞ்சு வயசில இவட கையில ஒருத்தனும் துவக்குக் குடுக்கக் கூடாதெண்டுதான் கழுத்தில தாலி கட்டுவிச்சன். ஒரு வருசம் வெயில் படாம வச்சிருந்தன். இப்ப இவ தானாப் போய்த் துவக்குத் தாங்க எண்டு கேக்கா. அதுக்கு நான் கையெழுத்து வைக்கணுமாம்.”

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நான் மகேஸின் பக்கம்தான் இருந்தேன்.

தர்சினி தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, சுனாமிக்குப் பிறகு உங்களுக்கு வயித்துவலி வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகக்குள்ள செக் பொயின்றில பஸ்ஸ நிப்பாட்டினாங்களே. ஞாபகமா?”

மகேஸ் பாவாடையை மடித்து வைத்தார்.

“நீங்க வலி வலி எண்டு சொன்னீங்க. எனக்குச் சிங்களத்தில வயிறு தெரியும், வலி தெரியா. நான் அம்மாக்குப் பசிக்குது எண்டு சொல்லிட்டன். அந்த ஆமிக்காரன் ஓடிப்போய் பிஸ்கட் கொண்டுவந்து தந்தான். அவன் கூடாதவன் இல்லம்மா. ஆனா பஸ்ஸ விடல்ல. வெயிலுக்க பிஸ்கட்டோட எவ்வளவு நேரம் இரிந்தம்?”

“அதுக்கு?”

“செக் பொயின்ற் மேசைக்கு அந்தப் பக்கம் நாங்க சொல்லுறது விளங்கிற ஆள் ஒண்டு எண்டாலும் இருக்கணும். நான் சின்னனில இருந்து உங்களுக்கு இந்தப் பக்கம் நிண்டு கதைச்சுக் கதைச்சுக் களைச்சிட்டன்.”

“நீ ஒருத்தி போய் இருந்தா எல்லாம் சரிவருமா?”

“தெரியா. சரிவராமலும் போகலாம்.”

நல்ல வேளை, நாட்டைத் திருத்தப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே எழும்பிப் போயிருப்பேன். அவள் கேட்டது அந்த மேசைக்குப் பின்னால் ஒரு கதிரை. அதுவும் கிடைக்குமா என்று தெரியாத கதிரை. கிடைத்தாலும் அதில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுகமாக இருக்காது. அந்தப் பக்கத்தில் அவளை இந்தப் பக்கத்தவள் என்பார்கள். இந்தப் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்பது விடுதி அறையிலேயே தெரிந்துவிட்டது. இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன். “யோசிச்சனான் டீச்சர்,” என்றாள்.

மகேஸ் மறுபடி மிசினை மிதிக்கத் தொடங்கினார். துணி இல்லாமல் ஊசி சும்மா ஏறி இறங்கியது.

“அம்மா. அண்டைக்கு என்னைக் கேட்டா தாலி கட்டுவிச்சீங்க?”

மிசின் நின்றது.

“கேக்க நேரம் எங்க மகள் இருந்திச்சு?”

“நேரம் இருக்கல்லதான். நான் குறை சொல்லல்ல. இப்ப நேரம் இருக்கு. அதான் உங்களைக் கேக்கிறன். நீங்க வைக்காட்டி நான் இந்தப் ஃபோமைக் கிழிச்சிடுவன். வேற ஆரையும் பிடிச்சுக் கையெழுத்து வாங்கமாட்டன்.”

விடிய எழும்பி ஓடி, படித்து, லெக்சரை விட்டு, இவ்வளவு தூரம் அலைந்தவள் இப்படியா எல்லாவற்றையும் ஒருத்தியின் கையில் தூக்கிக் கொடுப்பது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். வெருட்டவில்லை. உண்மையாகத்தான் சொன்னாள்.

மகேஸ் மகளின் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “பேனை இரிக்கா டீச்சர்?” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த வாழ்க்கையில் நான் எழுதியவற்றுள் சிறந்த வசனங்கள் அவை. எதுவும் என்னுடையதில்லை.

“என்ர மகளுக்கு நான் செய்து வச்சது கலியாணம் இல்ல. ஒளிச்சு வச்சது. அப்ப ஊரைக் கூப்பிட்டுச் சோறு குடுத்து ஒளிச்சு வச்சன். இப்ப அவ வெளிய வாறா. இதுதான் உண்மை.”

வழக்கம்போல் கடைசியில் ‘இதை நான் முழு மனதுடன் கூறுகிறேன்’ என்று சேர்த்து வாசித்துக் காட்டினேன்.

“முழு மனசு எண்டதை எடுங்க டீச்சர்,” என்றார் மகேஸ். “அது பொய். சத்தியக் கடதாசியில பொய் சொல்லக் கூடாது. அரை மனசு எண்டு போடுங்க.”

போட்டேன். அடுத்த நாள் சமாதான நீதவான் அதைப் பார்த்துவிட்டு, அரை மனதோடு சத்தியம் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று முறைப்படி திருத்தி எழுதிவித்தார். மகேஸ் கையெழுத்து வைத்தார். ஆனால் வைக்கும்போது அவரிடமும் அரை மனசுதான் என்று ஒருதடவை வாயால் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். புதன்கிழமை கிராம சேவகர் சீல் குத்தினார். அதே சீல்.

என் பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது. விசாரிக்க வருகிறவர்கள் ஊரைக் கேட்டால், ஊர் என் பத்தியைத்தான் காட்டும். ஆகையால் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் சொல்கிறேன். அந்தக் கலியாணத்துக்கு நான் போனேன். சாப்பிட்டேன். பாயசம் இரண்டு முறை வாங்கினேன். அது கலியாணம் இல்லை. அந்தத் தாயைப் பற்றி நான் எழுதியது அவ்வளவும் பிழை.

தர்சினி தெரிவாவாளா என்று எனக்குத் தெரியாது. தெரிவாகவேண்டும் என்று முழு மனதோடு சொல்லவும் என்னால் முடியவில்லை. மகேஸைப் போலத்தான் நானும். ஆனால் அவளை இம்முறை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. யாரும் ஒளித்து வைக்கவும் இல்லை. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, போவதா இருப்பதா என்று தாயிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க வாய்த்தது?

இதை அச்சுக்கு அனுப்புமுன் அவளைக் கூப்பிட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதச் சொன்னாள். பெயரைக்கூடப் போடச் சொன்னாள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

“அந்தப் பழைய பத்தியில நான் விம்மி அழுததா எழுதியிருக்கீங்க. நான் அழல்ல டீச்சர். சுதன் மச்சானுக்குத் தாலி முடிச்சுப் போடத் தெரியல்ல. மூண்டு தரம் அவிழ்ந்து விழுந்திச்சு. அம்மா வேற முறைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா. சிரிப்பை அடக்கத்தான் தலையக் குனிஞ்சன்.”

ஆறு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம்... நல்ல காலம், கேட்கவில்லை.